வெப்பத்தால் பதமாகும் மரம்: ஈர உறிஞ்சல் குறைவது எப்படி?

கோடையில் பொருத்திய கதவு, மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களில் நிலையோடு உரசத் தொடங்குகிறது. தச்சர் வந்து ஓரத்தை இழைத்துச் சரிசெய்கிறார். அடுத்த கோடையில் அதே கதவுக்கும் நிலைக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், அரசுக் குடியிருப்புகள் என நாடெங்கும் பொதுப் பணத்தில் எழுப்பப்படும் கட்டடங்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. பழி பெரும்பாலும் தச்சர்மீதே விழுகிறது. ஆனால் காரணம் வேறு. வெட்டி அறுத்துப் பலகையாக்கிய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. உறிஞ்சும்போது பருக்கிறது, இழக்கும்போது சுருங்குகிறது. கோடையில் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்தால், சக்கரத்தைக் குளத்து நீரில் ஊறப்போட்டு இறுக்கும் வண்டிக்காரர் இந்த இயல்பை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்.

இந்த இயல்பை அடக்கும் வழிகளுள் ஒன்று மரத்தை உயர்ந்த வெப்பநிலைக்கு உட்படுத்துவது. வெப்பத்தைத் தவிர இதற்கு வேறு மருந்து எதுவும் வேண்டியதில்லை. அந்த வெப்பம் மரத்தில் என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை அறிந்துகொள்வது, மரம் வாங்கும் துறைகளுக்கும் மர அறிவியல் பயிலும் மாணவர்க்கும் இன்று முன்னைவிடத் தேவைப்படுகிறது.

தேவை மிகுந்ததற்குக் காரணம், நாட்டில் மரம் கிடைக்கும் இடம் மாறிவிட்டதே. தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயன்றவரை உழவர்களோடு இணைந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வகுத்தது. மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல் திட்டங்களின்படியன்றிக் காடுகளில் மரம் வெட்டுவதை 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நிறுத்தி வைத்தது. அதன் பின்னர் ரப்பர், தைலமரம், பாப்ளர், சில்வர் ஓக், மலைவேம்பு போன்ற தோட்ட மரங்களும் வயலோர மரங்களும் அறுவை ஆலைகளில் முதலிடம் பிடித்தன. இவை விரைவில் வளர்பவை. இளம் வயதில் வெட்டப்படுபவை. வைரம் பாய்வதற்குப் போதிய காலம் பெறாதவை. தேக்கு செய்துவந்த வேலையை இவற்றிடம் ஒப்படைக்கும்போது, தேக்கில் இயற்கையாகவே அமைந்த நிலைப்பை இவற்றில் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

மரத்தில் நீர் தங்கும் இடங்கள்

மரத்தினுள் நீர் இரு வகையாக இருக்கிறது. உயிரணுக்களின் உட்குழிகளிலும் நீர்க்குழாய்களிலும் குடத்தில் நிற்பதுபோல் நிற்கும் நீர் ஒரு வகை. அணுச்சுவரின் பொருளோடு பிணைந்து நிற்கும் நீர் மற்றொரு வகை. பச்சை மரம் உலரும்போது முதலில் வெளியேறுவது குழிகளில் உள்ள நீரே. அதனால் எடை குறையுமேயன்றி அளவு குறைவதில்லை. குழிகள் காலியாகி, சுவரில் மட்டும் நீர் நிறைந்திருக்கும் நிலையை நார்ச்செறிவு நிலை என்பர். பெரும்பாலான மரங்களில், உலர்ந்த மரத்தின் எடையில் 25 முதல் 30 விழுக்காடு நீர் உள்ள நிலை இது. அதற்குக் கீழே ஒவ்வொரு விழுக்காடு ஈரம் குறையும்போதும் சுவர் சுருங்குகிறது. அதோடு பலகையும் சுருங்குகிறது.

சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. நீளவாட்டில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ரப்பர் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது வளையத் திசையில் சுமார் 5 விழுக்காடு சுருங்கும். எனவே ஈரம் 1 விழுக்காடு மாறினால் அகலம் சுமார் 0.17 விழுக்காடு மாறும் எனக் கொள்ளலாம்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும் கோடையில் மரம் சுமார் 7 விழுக்காடு ஈரத்தோடு சமநிலை கொள்ளும். மழைக்காலத்தில் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டினால் மரத்தின் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்கு உயரும். வேறுபாடு 8 விழுக்காடு. 900 மில்லிமீட்டர் அகலமுள்ள கதவை வளையத் திசையில் அறுத்த ரப்பர் மரப் பலகைகளை ஒட்டியே செய்திருந்தால், இந்த மாற்றத்தால் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் பருக்கும். சட்டம் அமைத்து, அதன் காடிக்குள் நடுப்பலகையைப் பசையின்றி நிறுத்தும் பழைய தச்சு முறை இந்தப் பருமனுக்கு இடம் விடவே தோன்றியது. பலகை காடிக்குள் நகர்ந்துகொள்ளும். கதவின் வெளியளவு பெரிதும் மாறாது. அவசரத்தில் நடுப்பலகையையும் சேர்த்து ஒட்டிவிடும் பட்டறைகளின் கதவுகளில்தான் வெடிப்புகள் மிகுதி.

இந்தியத் தர நிர்ணயமும் இதைக் கருத்திற்கொண்டே அமைந்துள்ளது. மரத்தில் இருக்க வேண்டிய ஈர அளவைக் கூறும் ஐ.எஸ். 287 என்னும் தரக்குறிப்பு, ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது: 40 விழுக்காட்டுக்குக் கீழ், 40 முதல் 50 வரை, 50 முதல் 67 வரை, 67க்கு மேல். ஒரே அளவுள்ள கதவுக்கு வறண்ட மண்டலத்தில் ஏற்கத்தக்க ஈரம் ஒன்று, கடலோர மண்டலத்தில் மற்றொன்று. ஆயினும் சராசரி என்பது ஆண்டு முழுவதற்கும் உரியது. நடு இந்தியாவில் மே மாதப் பிற்பகலின் வறட்சிக்கும் ஆகஸ்டு மாத ஈரத்துக்கும் இடையே உள்ள தொலைவைச் சராசரி மறைத்துவிடுகிறது. சரியான ஈர அளவில் உலர்த்திய மரமும் பருவத்தோடு அசையத்தான் செய்யும். உலர்த்துதல் மரத்திலுள்ள நீரைப் போக்குகிறதே தவிர, நீரின் மீது மரத்துக்குள்ள வேட்கையைப் போக்குவதில்லை.

வேட்கை எங்கிருந்து வருகிறது?

அணுச்சுவர் மூன்று பொருள்களால் ஆனது. நீண்ட சங்கிலிகளாக அமைந்த செல்லுலோஸ், உலர்ந்த மரத்தில் ஏறத்தாழப் பாதி. குட்டையான, கிளைத்த சங்கிலிகளைக் கொண்ட ஹெமிசெல்லுலோஸ் இரண்டாவது. இவற்றைப் பிணைத்து விறைப்பூட்டும் லிக்னின் மூன்றாவது. நீரைப் பற்றிக்கொள்பவை, இவற்றில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்து நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள். செல்லுலோஸில் இவை நிறைய உண்டு. ஆனால் அதன் சங்கிலிகள் பல இடங்களில் படிகம்போல் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அங்கே நீர் நுழைய முடிவதில்லை. ஹெமிசெல்லுலோஸ் அப்படி அடுக்கப்படாதது. ஆகவே மூன்றனுள் நீரை மிகுதியாக ஏற்பது அதுவே. வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்குவதும் அதுவே. வெப்பப் பதனம் முழுவதும் இந்தப் பொருத்தத்தின் மீதே நிற்கிறது எனலாம்.

காற்று புகாத கலத்தில், நீராவி, நைட்ரஜன், எண்ணெய், வெற்றிடம் ஆகிய ஏதேனும் ஒரு சூழலில், மரம் சுமார் 160 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை விலக்காவிடில் மரம் தீய்ந்து சிதையும். வெப்பம் ஏறும்போது ஹெமிசெல்லுலோஸில் தொங்கிக்கொண்டிருக்கும் அசெட்டைல் தொகுதிகள் கழன்று அசெட்டிக் அமிலமாகின்றன. அந்த அமிலமே எஞ்சிய சங்கிலிகளை மேலும் விரைவாக வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகளில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறுகிறது. மற்றொரு பகுதி லிக்னினோடு இணைகிறது. லிக்னினும் தனக்குள் புதிய பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு இறுகுகிறது. முடிவில் நீரைப் பற்றும் தொகுதிகளின் எண்ணிக்கை குறைகிறது; எஞ்சிய தொகுதிகள் நீரைப் பற்றினாலும், விரிந்து இடம்கொடுக்க இறுகிய சுவரால் முன்போல் இயல்வதில்லை. மரம் தன் எடையில் சில விழுக்காட்டை நிரந்தரமாக இழந்து, பழுப்பு நிறம் பெறுகிறது.

விளைவு கணிசமானது. ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக உள்ள காற்றில் சாதாரண மரம் சுமார் 12 விழுக்காடு ஈரத்தோடு நிற்கும். 200 டிகிரிக்கு மேல் பதனம் செய்த மரம் அதில் ஏறத்தாழப் பாதி ஈரத்தோடு நின்றுவிடும். பருமனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. மேலே கணக்கிட்ட கதவில் 12 மில்லிமீட்டர் அசைவு 6 அல்லது 7 மில்லிமீட்டராகச் சுருங்கும். இழைத்துச் சரிசெய்ய வேண்டிய கதவுக்கும் தொடாமலே விடக்கூடிய கதவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஒரு சொல், மூன்று வெப்பங்கள்

‘பதப்படுத்திய மரம்’ என்று ஒப்பந்தப்புள்ளிகளில் எழுதுவது வழக்கம். இச்சொல் உலர்த்திய மரத்தையும் குறிக்கிறது, மருந்தூட்டிய மரத்தையும் குறிக்கிறது. இப்போது ‘வெப்பப் பதனம்’ என்னும் மூன்றாவதும் சேர்ந்துகொண்டதால் குழப்பம் பெருகியுள்ளது. வெப்பம் என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வேறு செயல்கள் நடைபெறுகின்றன.

உலர்சூளையில் மரம் காணும் வெப்பம் பொதுவாக 40 முதல் 80 டிகிரி வரை. அங்கே நீர் வெளியேறுகிறது, மரப்பொருள் மாறுவதில்லை. பன்னாட்டு வாணிபத்தில் செல்லும் பொதிப்பெட்டிகள், தட்டுப்பலகைகள் ஆகியவற்றுக்கு 2002இல் வகுக்கப்பட்ட பயிர்ப் பாதுகாப்பு விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பநிலையில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. பூச்சிகளைக் கொல்வதற்கு அது போதும். ஈர உறிஞ்சலில் அதனால் மாற்றம் ஏதும் நேர்வதில்லை. அத்தகைய மரத்தின் மீது பொறிக்கப்படும் ‘எச்.டி.’ என்ற முத்திரையைக் கண்டு, அது நிலைப்பு மிக்க மரம் என்று எண்ணுவது தவறு. மூன்றாவதான வெப்பப் பதனம் 160 டிகிரிக்கு மேல் தொடங்குகிறது. மரத்தின் வேதியியலை மாற்றுவது இது ஒன்றே. ஆவணத்தில் வெப்பநிலையும் நேரமும் குறிப்பிடாமல் ‘வெப்பம் ஊட்டப்பட்டது’ என்று மட்டும் எழுதினால், மூன்றனுள் எதை அளித்தாலும் ஒப்பந்தக்காரர் சொல் தவறாதவரே ஆவார்.

வெப்பம் கேட்கும் விலை

ஹெமிசெல்லுலோஸ் நீரைப் பிடிக்கும் பொருள் மட்டுமன்று. செல்லுலோஸ் நார்களையும் லிக்னினையும் இணைத்து, அதிர்ச்சியைத் தாங்கும் நெகிழ்வைத் தருவதும் அதுவே. அதை இழந்த மரம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. விறைப்பு பெரிதும் குறையாவிட்டாலும், வளைத்து முறிக்கத் தேவையான விசை 10 முதல் 30 விழுக்காடு வரையிலும், கடுமையான பதனத்தில் அதற்கு மேலும் குறையலாம். ஆகவே உத்திரம், கைம்மரம், தூண் போன்ற சுமைதாங்கும் உறுப்புகளுக்கு இம்மரத்தைப் பயன்படுத்தலாகாது. திருகாணிக்கு முன்கூட்டியே துளையிடாவிட்டால் ஓரம் பிளக்கும். மரத்தில் எஞ்சிய அமிலத்தால் சாதாரண இரும்பாணி துருவேறும். நீர் கலந்த பசைகள் மெதுவாகவே ஊடுருவுவதால் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இந்த விலையை முதலில் கண்டறிந்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். மிகை வெப்ப நீராவியில் சூடேற்றிய மரம் குறைவாக ஈரம் கொள்வதை டீமன் 1910களில் கண்டார். மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் ஸ்டாம் என்பவரும் உடன்பணியாற்றியவர்களும் 1930களிலும் 1940களிலும் இதை விரிவாக ஆராய்ந்தனர். காற்றை விலக்குவதற்காக மரத்தை உருகிய உலோகத்தின் அடியில் அமிழ்த்திச் சூடேற்றிப் பார்த்தனர். பருமன் குறைந்தது, ஆனால் வலிமையும் குறைந்தது. தரமான மரம் தாராளமாகக் கிடைத்த நாட்டில், வலிமை குன்றிய மரத்தை வாங்குவாரில்லை.

வாங்குவார் தோன்றியது 1990களின் ஐரோப்பாவில். பைன், ஸ்புரூஸ், பிர்ச் ஆகிய மரங்களை ஏராளமாகக் கொண்ட பின்லாந்து, நீராவி முறையை ஆலை அளவுக்கு வளர்த்தது. பிரான்சில் நைட்ரஜனும் ஜெர்மனியில் சூடான எண்ணெயும் பயன்படுத்தப்பட்டன. இதற்குத் துணைநின்ற மற்றொரு நிகழ்ச்சிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த புகழ்பெற்ற மரக்காப்பு மருந்தை 1933இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம். உலகெங்கும் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் காத்த அந்த மருந்தின் பயன்பாட்டை, ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை கருதி ஐரோப்பிய நாடுகள் 2004இல் பெரிதும் கட்டுப்படுத்தின. மருந்தில்லாத மாற்று வழிக்கு அப்போது மதிப்புக் கூடியது.

ஐரோப்பிய அட்டவணையை அப்படியே இந்திய மரங்களுக்குப் பயன்படுத்த இயலாது. பின்லாந்து முறையின் கடுமையான வகுப்பில் ஊசியிலை மரங்களுக்கு 212 டிகிரியும் அகன்ற இலை மரங்களுக்கு 200 டிகிரியும் உரியவை. அகன்ற இலை மரங்களின் ஹெமிசெல்லுலோஸில் அசெட்டைல் தொகுதிகள் மிகுதி. அமிலம் மிகுதியாகப் பிறக்கும். சிதைவு விரைவாக நடக்கும். நம் தோட்ட மரங்கள் பெரும்பாலும் இந்த இனத்தவை. ஆதலின் ஒவ்வொரு மரத்துக்கும் உரிய வெப்பநிலையையும் நேரத்தையும் இங்கேயே ஆய்ந்து காண வேண்டும். பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ரப்பர் மரத்தையும் சில்வர் ஓக் மரத்தையும் வெற்றிடத்தில் 210 முதல் 240 டிகிரி வரை சூடேற்றி ஆராய்ந்துள்ளனர். நிறம் கருத்தது, அளவு நிலைப்புற்றது, வளைவு வலிமை குன்றியது என்பதே அங்கும் கண்ட போக்கு.

ரப்பர் மரத்துக்கு இது தனிப் பொருளுடையது. 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம், முன்பு பெரும்பாலும் விறகாகவே போயிற்று. போரான் உப்புகளை ஊட்டி வண்டுகளிடமிருந்து காக்கும் முறை பரவிய பின்னரே அது மேசை நாற்காலி மரமாக உயர்ந்தது. எனினும் போரான் உப்பு மழைநீரில் கரைந்து வெளியேறிவிடுவதால் ரப்பர் மரம் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. வாசலைத் தாண்ட அதற்கு வேறொரு பதனம் வேண்டும்.

வெப்பம் செய்யாதவை

வெப்பப் பதனம் மரத்தை நீர் புகாத பொருளாக்குகிறது என்ற விளம்பரத்தை நம்புவதற்கில்லை. அது குறைப்பது சுவரோடு பிணையும் நீரையே. உட்குழிகளும் நீர்க்குழாய்களும் முன்போலவே திறந்திருக்கின்றன. தொட்டி நீரில் மூழ்கவிட்டால், மிதமான வெப்பத்தில் பதனம் செய்த பைன் மரத்தின் வெளிறு, பதனம் செய்யாத வெளிற்றைவிட மிகுதியாக நீர் குடித்த ஆய்வு முடிவுகளும் உண்டு. ஆகவே வாளி நீரில் ஒரு நாள் ஊறவைத்து எடை பார்க்கும் எளிய சோதனை இங்கே ஏமாற்றிவிடக்கூடும். அளக்க வேண்டிய நீரை விட்டு வேறொரு நீரை அது அளக்கிறது.

பூசணத்தை இம்மரம் ஓரளவு நன்றாகவே எதிர்க்கிறது. பூசணத்தின் உணவில் ஒரு பகுதி அழிந்துவிடுவதும், சுவரில் அதற்கு வேண்டிய ஈரம் கிடைக்காமற்போவதும் காரணங்கள். ஆனால் மண்ணில் புதைக்கத்தக்க மரமன்று இது. கறையானையும் இது தடுப்பதில்லை. கறையானே இல்லாத குளிர்நாடுகளில் வளர்ந்த தொழில்நுட்பத்தை இந்நாட்டுக்குக் கொணரும்போது முதலில் எழுப்ப வேண்டிய வினா இது. நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தில், வெப்பப் பதனம் பெற்ற மரமாயினும் கறையான் காப்புத் தனியே தேவைப்படும். வெயிலில் அதன் பழுப்பு நிறமும் நில்லாது. பூச்சு இல்லையேல் நாளடைவில் சாம்பல் நிறமாகும்.

எளிய ஆய்வு

வந்து சேர்ந்த மரம் உண்மையில் பதனம் பெற்றதா என்பதை அறியக் கல்லூரி ஆய்வுக்கூடமே போதும். அதே இனத்தின் பதனம் பெறாத துண்டு ஒன்றும், வந்த சரக்கிலிருந்து ஒரு துண்டும் ஒரே அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். வறண்ட நிலையில் சூடேற்றிய மரம் காட்டும் நிலைப்பில் ஒரு பகுதி தற்காலிகமானது. ஒருமுறை நனைந்து உலர்ந்தால் அது மறைந்துவிடும். எனவே இரு துண்டுகளையும் முதலில் நீரில் நன்கு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பின்னர் 103 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரையில் வைத்து எடையும் வளையத் திசை அகலமும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூடியுள்ள கண்ணாடிக் கலத்தின் அடியில், கரையாத உப்பு கொஞ்சம் எஞ்சி நிற்கும் அளவுக்குச் சமையல் உப்பைக் கரைத்த நீர் இருக்கட்டும். அத்தகைய கரைசலுக்கு மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் எப்போதும் ஏறத்தாழ 75 விழுக்காடாக நிற்கும். அறையின் வெப்பநிலை சற்று மாறினாலும் அது மாறுவதில்லை. கரைசலைத் தொடாதபடி ஒரு கம்பி வலைமீது துண்டுகளை வைத்து மூடிவிட வேண்டும். 100 கிராம் உலர் எடையுள்ள சாதாரணத் துண்டு 114 கிராம் அளவுக்கு ஏறும். நன்கு பதனம் பெற்ற துண்டு 107 அல்லது 108 கிராமில் நின்றுவிடும். இரண்டும் ஒன்றுபோல் ஏறினால், அந்த மரம் கண்ட வெப்பம் உலர்சூளையின் வெப்பம் மட்டுமே. மெல்லிய துண்டுகளுக்கு இரண்டு வாரம் போதும். தடித்தவற்றுக்குக் கூடுதல் நாள்கள் வேண்டும். அடுத்தடுத்த இரு நாள்களில் எடை மாறாதிருந்தால் மட்டுமே அளவைப் பதிவு செய்ய வேண்டும்.